பைன் மரத்தின் மூச்சைக் குடித்த குழந்தை

மரத்துக்கும் வாய் இருந்த அந்தக் காலத்தில், பைன் மரத்தின் இலை வாழையிலை போல அகலமாக இருந்தது. மலைச்சரிவில் பைன் காடு. கீழே ஓர் ஓடை. ஓடைக்கரையில் மயிலாத்தாளும் அவளுடைய கைக்குழந்தை அல்லியும்.

ஒரு கோடையில் ஓடை வற்றியது. மயிலாத்தாளுக்குப் பாலும் வற்றியது. அல்லியின் அழுகை மட்டும் வற்றவில்லை.

குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மயிலாத்தாள் காட்டுக்குள் ஏறினாள். இருப்பதிலேயே பெரிய மரத்தின் முன் நின்றாள்.

"தண்ணீரெல்லாம் எங்கே போகிறது?"

"எனக்கென்ன தெரியும், தாயே? நான் ஒரு வாய் குடித்தால் அதிகம்."

"ஒரு வாயா? உன் மினுமினுப்பைப் பார்த்தாலே தெரிகிறதே! இரு, அளந்துவிடலாம்."

தண்ணீர் சுமக்கும் ஆட்டுத்தோல் பையை ஒரு கிளையின் இலைகள் உள்ளே போகும்படி மாட்டி, பையின் வாயை இறுக்கிக் கட்டினாள். வேர் குடித்தது இலை வழியாக வெளியேறினால் பைக்குள் விழுந்துதானே ஆகவேண்டும்? வெயில் சாயும்போது பை உப்பிக் கனத்துத் தொங்கியது.

"இதுவா ஒரு வாய்? ஒரு கிளைக்கே இவ்வளவென்றால், காடு முழுக்க எத்தனை ஓடை?"

மரம் குரலைத் தாழ்த்தியது. "அளந்தாயிற்று இல்லையா? அவிழ்த்துக் காற்றில் கொட்டிவிடு. அது தண்ணீர் இல்லை, எங்கள் மூச்சு. குடித்தவர் எங்களோடு சேர்ந்துவிடுவார்."

"திருடினதும் இல்லாமல் மிரட்டல் வேறா!"

பையை அல்லியின் வாயில் சாய்த்தாள். குழந்தை மடமடவென்று குடித்தது. அழுகை நின்றது. உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கண் திறந்திருந்தது, இமைக்கவில்லை. அழுகை மட்டும் தலைக்கு மேலே, இலைகளுக்குள்ளிருந்து கேட்டது.

"என் பிள்ளையின் குரலைக் கொடு!"

"மூச்சு எங்களுடையது" என்றது மரம். மரங்கள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மயிலாத்தாள் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு மரமேறினாள். குரலைத் தேடி ஒவ்வோர் இலையையும் நகத்தால் நார்நாராகக் கிழித்தாள். அழுகை அடுத்த மரத்துக்குத் தாவியது. அவளும் தாவினாள். "உஷ்... உஷ்... அழாதேடி, அம்மா வந்துட்டேன்."

பிறகு சுள்ளி பொறுக்க வந்தவர்கள் வெறும் தோல் பையைத்தான் கண்டார்கள். இலை நாராகிப்போன மரங்கள் முன்போல் குடிக்கவில்லை; ஓடையில் தண்ணீர் திரும்பியிருந்தது. குடிக்கத்தான் தாயும் பிள்ளையும் இல்லை.

பைன் இலை ஊசியாகத் தொங்குவதும், காற்றே இல்லாத நடுப்பகலில் அந்தக் காடு "உஷ்... உஷ்..." என்பதும் அன்று தொடங்கியதுதான். அந்த வழியே குழந்தையைத் தூக்கிப் போகிற பெண்கள் இன்றைக்கும் அதன் வாயை முந்தானையால் பொத்திக்கொள்கிறார்கள். கீழே ஒன்று அழுதால், மேலே இன்னொன்று விழித்துக்கொள்ளும்.