தை மாதக் கெடு

முன்னொரு காலத்தில் வெண்குன்ற நாட்டை வில்லவராயன் என்ற அரசன் ஆண்டுவந்தான். காலையில் அவனுக்கு ஒன்று தோன்றினால் மதியம் அது சட்டம். அவனுடைய மந்திரி நன்னயன் கல்யாணம் செய்துகொள்ளாதவன். மந்திரியைக் கண்டாலே எரிகிற சேனாதிபதி பூவராகருக்கு அது வாகாய்ப் போயிற்று.

"அரசே, எனக்கு ஏழு பிள்ளைகள். என்னைவிடச் சந்தோஷமானவன் இந்த நாட்டில் உண்டா? மந்திரி வீட்டில் பூனைகூட ஒண்டி. தன் சுகமே அறியாதவருக்குக் குடிமக்கள் சுகம் எங்கே தெரியப்போகிறது?"

அரசனுக்கு அது சரியென்று பட்டுவிட்டது. "நன்னயா, தை பிறப்பதற்குள் தாலி கட்டு. இல்லையென்றால் முத்திரை மோதிரத்தைக் கழற்றி வைத்துவிடு" என்று ஓலையும் எழுதிவிட்டான்.

நன்னயன் கும்பிட்டான். "ஆகட்டும் அரசே. ஆனால் நம் நாட்டு வழக்கம் ஒன்று உண்டே. ஒருவர் வாழ்வை இன்னொருவர் சபையில் குறை சொன்னால், இருவரும் மூன்று நாள் வீடு மாறி இருந்துவிட்டு வந்து பேச வேண்டும்."

"மாறுங்கள்" என்றான் அரசன். பூவராகரின் மனைவி ஏழு பிள்ளைகளையும் மந்திரியிடம் ஒப்படைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் தாய்வீடு போய்விட்டாள்.

நாலாம் நாள் சபை கூடியது. நன்னயன் தலைப்பாகையில் சோற்றுப் பருக்கை. பூவராகர் முகத்திலோ பளபளப்பு.

"எப்படி இருந்தது?" என்று பூவராகரைக் கேட்டான் அரசன்.

"சொர்க்கம் அரசே. பதினைந்து வருஷத்தில் இப்போதுதான் சோற்றைச் சூடாகச் சாப்பிட்டேன். இன்னும் பத்து நாள் கொடுத்தால்…"

சபை சிரித்தது. சொன்னது என்னவென்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது. குரல் இறங்கியது. "ஆனால் மூன்று நாளும் என் வீட்டு மதிலோரம் போய் நின்றேன். சின்னவள் அழுகிறாளா என்று கேட்க."

"நீ சொல், நன்னயா."

"என் வீடும் என் யாழும்தான் என் சந்தோஷம் அரசே. அதில் மாற்றமில்லை. ஆனால் நேற்றுப் பகலில் அந்தச் சின்னவள் என் கைமேல் தூங்கிப்போனாள். கை மரத்துவிட்டது. நான்கு நாழிகை எடுக்கவில்லை. அதற்கு என்ன பெயரென்று எனக்குத் தெரியவில்லை."

முதன்முதலாகக் கடலைக் கண்டவன்போல் அரசன் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"ஏழு பெற்றவருக்கும் சொல்லத் தெரியவில்லை, ஒண்டிக்கட்டைக்கும் தெரியவில்லை. இத்தனை பெரிய ஒன்றுக்கா நான் தை மாதம் கெடு வைத்தேன்?"

ஓலையைக் கிழித்தான். "மோதிரம் உன் விரலிலேயே இருக்கட்டும், நன்னயா. சேனாதிபதி, நீர் கேட்ட பத்து நாளையும் தந்தேன்."

"வேண்டாம் அரசே" என்ற பூவராகர், விடைகூடப் பெறாமல் வீட்டைப் பார்த்து ஓடினார்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் யாரும் யாரையும் "கல்யாணம் எப்போது?" என்று கேட்பதில்லையாம். அந்த நாடு எங்கே இருக்கிறதென்றுதான் தெரியவில்லை.