பெருந்தாடை எடுத்த சீலாக் கணக்கெடுப்பு

மன்னார் வளைகுடாவில் ஒரு பவளப்பாறையை ஒட்டி நாற்பது சீலா மீன்கள் கூட்டமாக வாழ்ந்தன. அவற்றின் தலைவன் பெருந்தாடை. ஐந்தடி நீளம், வாய் நிறையக் கத்திப் பல், வயிற்றோரம் மை தெளித்த மாதிரி கரும்புள்ளிகள். மேல்தாடையைத் தாண்டிக் கீழ்த்தாடை நீட்டிக்கொண்டிருப்பதில் அவனுக்குப் பெருமை தாங்காது. தூங்கும்போதுகூட வாயை மூடமாட்டான்.

தினமும் காலையில் சின்னச் சாளை மீன்கள் கூட்டமாக அந்தப் பக்கம் வரும். நாற்பது சீலாக்களும் வளையம் கட்டிச் சாளைகளைப் பாறையோரம் நெருக்கும். சின்ன மஞ்சள்வால் சீலாக்கள் அடிப்பக்கம் காவல். வரிச் சீலாக்கள் கடல்பக்கம் காவல். மேலே தண்ணீர் மட்டத்தில் ஊசியான் என்ற முரல் மீன் துள்ளித் துள்ளி விழுவான். மேலே ஏற நினைத்த சாளை பயந்து கீழே திரும்பும். பிறகென்ன, எல்லோருக்கும் விருந்துதான்.

ஒரு நாள் அந்த வழியாகப் போன ஆமை ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. ஊசியானைக் காட்டிப் பெருந்தாடையிடம், "அண்ணாச்சி, உங்க சொந்தக்காரரு நல்லாப் பாயுதாரு" என்று சொல்லிவிட்டுப் போனது.

பெருந்தாடைக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முரல் நமக்குச் சொந்தமா?

அவன் வாய்க்குள் குண்டுமணி வேலையாக இருந்தாள். பெரிய மீன்களின் பல்லிடுக்கில் சிக்கியதைத் தின்று சுத்தம் செய்யும் சின்ன மீன் அவள்.

"குண்டுமணி, நீ எல்லார் வாய்க்குள்ளயும் போயிட்டு வர்றவ. சீலான்னா என்ன அடையாளம், சொல்லு."

"கீழ்த்தாடை நீளம். முதுகுல ரெண்டு துடுப்பு, ஒண்ணுக்கொண்ணு எட்டி நிக்கும். முன் துடுப்புல அஞ்சு முள்ளு. அப்புறம், வாய் நாத்தம்."

"கடைசியை விட்டுரு."

மறுநாள் கணக்கெடுப்பு ஆரம்பமானது. ஊசியான்தான் முதல் ஆள்.

"உனக்கு ரெண்டு தாடையும் ஊசி மாதிரி இருக்கு. முதுகுல ஒத்தைத் துடுப்பு. எலும்பு பச்சை நிறம். நீ சீலா இல்ல."

"நான் சீலான்னு எப்ப சொன்னேன்? அதிருக்கட்டும், என் எலும்பை நீங்க எப்ப பாத்தீக?"

"பாக்குற மாதிரி ஆகுறதுக்குள்ள கெளம்பு."

ஊசியான் போய்விட்டான். முரல் வேறு குடும்பம் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. அதனால் யாரும் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு வேட்டையில் பாதிச் சாளை மேல்பக்கமாகத் தப்பியதைப் பற்றியும் யாரும் பேசவில்லை.

ஒருவனை விரட்டிய ருசி பெருந்தாடைக்குப் பிடித்துப்போனது. அடுத்து மஞ்சள்வால்களைக் கூப்பிட்டான். அவர்களின் மூத்தவள் மஞ்சவாலி முன்னால் வந்தாள்.

"தாடை இருக்கு, ரெண்டு துடுப்பு இருக்கு, அஞ்சு முள்ளும் இருக்கு. எண்ணிக்கோங்க" என்றாள்.

"வால் மஞ்சள். சீலாவுக்கு வால் கறுப்பா இருக்கணும். என் வாலைப் பாரு."

"நீங்க சொன்ன அடையாளத்துல வாலே இல்லையே."

"இப்ப இருக்கு."

மஞ்சள்வால்கள் பதினைந்து பேரும் தெற்குப் பாறைக்குப் போனார்கள். அடுத்த வாரம் வரிச் சீலாக்கள். உடம்பில் குறுக்கு வரி இருக்கக் கூடாது என்று புது விதி வந்தது.

"பசிச்சா வரி ஏறும், வயிறு நெறஞ்சா எறங்கும். உங்க உடம்புலயே இப்ப தெரியுது பாருங்க" என்றது ஒரு வரிச் சீலா.

பெருந்தாடை குனிந்து பார்த்தான். தெரிந்தது. இரண்டு நாளாக அவனும் சரியாகச் சாப்பிடவில்லை.

"அது நிழல்" என்றான்.

அவர்களும் போனார்கள். மிச்சமிருந்தது அவனைப் போலவே புள்ளி போட்ட எட்டுப் பேர். புள்ளிகளை எண்ண ஆரம்பித்தான். ஒருவனுக்கு இரண்டு குறைவு, இன்னொருவனுக்கு மூன்று அதிகம்.

"நாம ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதானே" என்று ஒருவன் கெஞ்சினான்.

"கடல்ல முட்டையை விட்டுட்டுத் திரும்பிப் பாக்காமப் போனவ நம்ம தாய். அவ பேரைச் சொல்லி யாரும் இங்க இடம் கேக்க வேண்டாம்."

கடைசியில் பாறையில் ஒரே ஒரு சீலா மட்டும் இருந்தது. விதிகள் அத்தனையும் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தின.

குண்டுமணி வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்தாள். "அண்ணாச்சி, குடும்பமும் சுத்தம், பல்லும் சுத்தம். நான் தெக்குப் பாறைக்குப் போறேன். அங்க எனக்குத் திங்க ஏதாவது கெடைக்கும்."

மூன்று நாள் பெருந்தாடை தனியாக வேட்டையாடினான். மேலே பாய்ந்தால் சாளைகள் கீழே போயின. கீழே பாய்ந்தால் கடல்பக்கம் ஓடின. நான்காம் நாள் நொண்டிச் சாளை ஒன்றைத் துரத்திக்கொண்டு பாறையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டான். நீலத்துக்குள்ளிருந்து புலிச்சுறா ஒன்று நிதானமாக வந்தது. நாற்பது பேர் சேர்ந்து நின்ற காலத்தில் ஒதுங்கிப் போன அதே சுறா.

"யாரு, சீலாவா?" என்று கேட்டது.

"கலப்பில்லாத சீலா" என்றான் பெருந்தாடை. பயத்திலும் வாய் சும்மா இருக்கவில்லை.

"அந்த வித்தியாசமெல்லாம் என் நாக்குக்குத் தெரியாது" என்றது சுறா.

ஒரே கடி. அவன் வளைந்து நழுவினான். வயிற்றோரம் ஒரு கைப்பிடிச் சதையோடு பாதிப் புள்ளிகள் போயின. ஒரு பாறை இடுக்கில் புகுந்து, சுறா சலித்துத் திரும்பும் வரை பதுங்கிக் கிடந்தான்.

வெளியே வந்தபோது தெற்கே தண்ணீர் கலங்குவது தெரிந்தது. மெல்ல நீந்திப் போனான். விரட்டப்பட்டவர்கள் எல்லோரும் அங்கே வளையம் கட்டியிருந்தார்கள். கீழே மஞ்சள்வால், கடல்பக்கம் வரி, ஓரத்தில் புள்ளி, மேலே ஊசியான். நடுவில் சாளைகள் உருண்டையாகத் திரண்டு தவித்தன.

வழியெல்லாம் அவன் ஒரு மன்னிப்புப் பேச்சைத் தயார் செய்து வைத்திருந்தான். மஞ்சவாலி எதிரே வந்ததும், "நான் செஞ்சது..." என்று ஆரம்பித்தான்.

அவள் அவனுடைய காயத்தைப் பார்த்தாள். பிறகு பாறைப் பக்கம் பார்த்தாள்.

"பேச்செல்லாம் அப்புறம். அங்க ஓட்டை விழுது, சாளை தப்புது. போயி அடைங்க."

பெருந்தாடை வாயை மூடிக்கொண்டு போய் அடைத்தான்.

குழந்தைகளே, யார் நம் ஆள் என்று ஓயாமல் அளந்துகொண்டே இருப்பவன் கடைசியில் பசிக்கும் ஆபத்துக்கும் தனியாகத்தான் முகம் கொடுக்க வேண்டிவரும்.