பிரதானி வீட்டுப் புளிப் பானை

நவராத்திரி முடிந்த கையோடு வேம்பனூர்க் கடைத்தெருவில் வியாபாரிகள் ஈ ஓட்ட ஆரம்பித்தார்கள். மழைக்குக் குறைவில்லை, விளைச்சலும் மோசமில்லை. ஆனாலும் சனங்கள் எதையும் வாங்கவில்லை. இரண்டு திரி போட்டு விளக்கேற்றியவர்கள் ஒரு திரியோடு நிறுத்திக்கொண்டார்கள். தீபாவளி நெருங்கியும் நெசவாளர் தெருவில் தறிச் சத்தம் கேட்கவில்லை.

இத்தனைக்கும் ராஜாவின் மந்திரியான பிரதானி கோனேரியப்பர் தினமும் தண்டோரா போட்டுக்கொண்டுதான் இருந்தார். "அரண்மனைக் களஞ்சியம் நிரம்பி வழிகிறது, ஒருவரும் கவலைப்பட வேண்டாம்." அதுவரை யாரும் கவலைப்படவில்லை. தண்டோராவைக் கேட்ட பிறகுதான் ஆரம்பித்தார்கள்.

வியாபாரிகள் அழாத குறையாக முறையிட, செண்பக பூபதி ராஜாவுக்குக் கோபம் வந்தது. யோசிக்காமல் ஆணை போடுவது அவருக்குக் கைவந்த கலை.

"இந்த ஊரில் முதன்முதலில் கையைச் சுருக்கியது எந்த வீடோ, தேங்கிய சரக்கு முழுவதையும் அந்த வீட்டார் வாங்க வேண்டும். வீட்டை விற்றாவது வாங்க வேண்டும்."

மறுநாளே பிரதானி ஒரு பெண்ணைச் சபையில் கொண்டுவந்து நிறுத்தினார். குயவர் தெருப் பேச்சாயி. புருஷனை இழந்தவள். 'இந்தத் தீபாவளிக்குப் பழைய சேலையே போதும்' என்று கடைத்தெருவில் நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டாளாம்.

"ஒரு குச்சு வீடுதான் சாமி இருக்கு. அதையும் வித்துட்டா எம் பொண்ணுகளோட நான் எங்க போவேன்?" என்றாள். கேட்கவே பாவமாக இருந்தது.

சபையில் வேடிக்கையாகப் பேசிப் பிழைக்கும் நல்லசிவன் எழுந்தான்.

"மகாராஜா, முதன்முதலில் என்றல்லவா ஆணை? இவளுக்கு முன்னால் யாராவது இருக்கிறார்களா என்று விசாரித்துவிடலாமே."

"விசாரி."

"சொல்லம்மா. உனக்கு ஏன் கை சுருங்கியது?"

"சொன்னா ராஜா கோவிச்சுக்கிடுவாக."

"சொல்லாவிட்டால் வீடு போய்விடும்."

பேச்சாயி தரையைப் பார்த்தபடி சொன்னாள். "ஆத்துத் துறையில அரண்மனைத் துணி காயப்போட்டிருந்தாக. ராஜாவோட அங்கவஸ்திரத்துல ஒட்டுப் போட்டிருந்துச்சு. தண்டோராவக் கேட்டதுலருந்தே எனக்குச் சந்தேகம். ராஜாவுக்கே ஒட்டுத் துணின்னா நம்ம கதி என்னன்னு பயமாயிருச்சு சாமி."

சபை சிரிப்பை அடக்கியது. ராஜா தோளைப் பார்த்தார். ஒட்டு இருந்தது. அவசரமாக மடித்துக்கொண்டார்.

"யார் செய்த வேலை இது?"

திரைக்குப் பின்னாலிருந்து ராணி பதில் சொன்னாள். "நான்தான் தைத்தேன். பிரதானி வீட்டுக் கொலுவுக்குப் போயிருந்தேன். கூடம் நிறையப் புளிப் பானை, பின்கட்டு நிறைய உப்பு மூட்டை. சுண்டலில் தேங்காய்கூட இல்லை. கேட்டதற்கு, 'காலம் சரியில்லை, பார்த்துச் செலவு செய் என்று இவர்தான் சொன்னார்' என்றாள் அவர் மனைவி. களஞ்சியச் சாவி அவர் இடுப்பில் இருக்கிறது. அவர் வீட்டுச் சுண்டலே அப்படி என்றால், நாமும் கொஞ்சம் அடக்கி வாசிப்போம் என்று நினைத்தேன்."

பிரதானி இருமினார். "பழம்புளிதான் ருசி மகாராஜா. அதனால் சேர்த்து வைத்தோம். மற்றபடி களஞ்சியம் நிரம்பித்தான் வழிகிறது."

"நல்லதாய்ப் போயிற்று" என்றான் நல்லசிவன். "பிரதானியின் சம்பள நெல் இன்றைக்குத்தான் வண்டி ஏறுகிறது. அது களஞ்சியத்திலேயே இருக்கட்டும். அடுத்த தீபாவளிக்கு இரட்டிப்பாக அளந்துகொள்ளட்டும். பிரதானியே நம்பி விட்டுவைத்திருக்கிறார் என்று தெரிந்தால் ஊரே மடிமுடிச்சை அவிழ்க்கும்."

"பேஷ், அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

பிரதானி அவசரமாகக் குறுக்கிட்டார். "வேண்டாம் மகாராஜா."

"மூன்று மடங்காகத் தரச் சொல்லவா?" என்றார் ராஜா.

"ஐயோ, வேண்டாம். உள்ளதை இன்றைக்கே கொடுத்துவிடுங்கள்."

"வழிகிற களஞ்சியத்தில் உமது நெல்லுக்கு என்ன ஆபத்து?"

பிரதானி தலைகுனிந்தார். "வழியவில்லை. கோட்டை மதில் கட்டியதில் பாதி கரைந்துவிட்டது. தாங்கள் கோபிப்பீர்கள் என்று சொல்லவில்லை."

"தேங்கிய சரக்கெல்லாம் உம்முடையது" என்றார் ராஜா. "பேச்சாயி, நீ வீட்டுக்குப் போ."

பிரதானிக்குப் பொறுக்கவில்லை. "இவளும் நானும் செய்தது ஒன்றுதானே? இவளுக்கு மட்டும் மன்னிப்பா?"

"ஒன்றில்லை ஐயா" என்றான் நல்லசிவன். "உங்கள் தண்டோராவைக் கேட்டு இவள் சந்தேகப்பட்டாள். உங்களுக்குத்தான் சந்தேகமே இல்லையே."

அன்று மாலை தண்டோராக்காரன் உள்ளதைச் சொன்னான். களஞ்சியத்தில் பாதிதான் இருக்கிறது, தை அறுவடை வரை அது தாராளமாகப் போதும். கணக்குத் தெரிந்ததும் சனங்களுக்கு மூச்சு வந்தது. மறுநாள் தறிகள் ஓடின. பேச்சாயி மகள்களுக்குப் பாவாடைத் துணி எடுத்தாள்.

ராஜா நல்லசிவனைக் கூப்பிட்டார். "உன் புத்திக்கு ஒரு வண்டி நெல் பரிசு. பொங்கலன்று வந்து வாங்கிக்கொள்."

நல்லசிவன் கைகூப்பினான். "அரை வண்டி போதும் மகாராஜா. இப்போதே அளக்கச் சொல்லுங்கள்."

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, முழு வண்டியையும் அப்போதே அளக்கச் சொன்னார்.