தொடக்கூடாத மிக்ஸி மூடி

பூவாத்தாக்கா பண்ணுன கூத்தக் கேளுங்க! அவங்க திருப்பூர்ல ஒரு வீட்டுல சமையல் வேலை பாக்கறாங்க. அங்க மிக்ஸி மூடி விரிசல் விட்டுப் போச்சு. “புது மூடியோட வந்தா வேலை, இல்லாட்டி வராத”ன்னுட்டாங்க வீட்டுக்காரம்மா.

அக்கா அந்த மூடிய எடுத்துக்கிட்டு, காய்கறிப் பையோட நேரா சர்வீஸ் சென்டருக்குப் போனாங்க. வெள்ளைச் சட்டை மேனேஜர் மூடியப் பாத்ததும் எகிறுனாரு. “கைய வெச்சு அழுத்துனியா? அப்ப வாரண்டி கிடையாது! எங்க மூடி தானா நிக்கும், தொடவே கூடாது!”

“அப்படீங்களா சார்? ஒருக்கா ஓட்டிக் காட்டுங்க, கத்துக்கறேன்.”

சொல்லிக்கிட்டே, பார்வைக்கு வெச்சிருந்த புது மிக்ஸியில பையில இருந்த தக்காளிய கழுத்து வரைக்கும் ரொப்பி மூடியப் போட்டுட்டாங்க. மேனேஜர் ஸ்டைலா சுவிட்சத் திருகுனாரு. டர்ர்ர்ர்! மூடி லேசா எந்திரிச்சுது. அவ்ளோதான், மனுசன் ரெண்டு கையோட நெஞ்சையும் சேத்து மூடி மேல போட்டு அமுக்கிட்டாரு!

“அய்யய்யோ, தொட்டுட்டீங்களே சார்! இதுக்கும் வாரண்டி போச்சே!”

கடையே சிரிச்சுது. கைய எடுத்தா சட்டை காலி. “யம்மா, மொதல்ல சுவிட்ச ஆஃப் பண்ணும்மா!”

அக்கா சுவிட்சுகிட்ட சாவகாசமா நின்னாங்க. “பண்ணிடலாங்க சார். எம்பட புது மூடி வரட்டுங்க.”