அப்பா காலத்து ரப்பர்

கோத்தகிரியில் சிதம்பரநாதன் என்று ஒரு எஸ்டேட் முதலாளி இருந்தார். அவருடைய அப்பா வாங்கிய ஐம்பத்தாறாம் வருஷத்துக் கார், ஞாயிற்றுக்கிழமை நடக்கும் பழைய கார் கண்காட்சிக்காக மலையிறங்கிக் கோயம்புத்தூர் போக வேண்டும். எஸ்டேட் பட்டறை மெக்கானிக் மரியசூசை ஸ்டீயரிங்கைச் சரிபண்ணி முடித்தான். பிரேக்குக்குப் புது ரப்பர் போடணும் என்றான்.

முதலாளி ஒரு பழைய டப்பாவை நீட்டினார். "கார் வாங்கினப்பவே கூட வந்த ரப்பர்டா. இன்னும் பிரிக்கலை. என் கார்ல எல்லாம் ஒரிஜினலா இருக்கணும். இதைப் போட மாட்டேன்னா நாளையிலிருந்து வேலைக்கு வராதே."

மரியசூசை பிரித்துப் பார்த்தான். சுண்டைக்காய் வற்றல் மாதிரி காய்ந்து கிடந்தது. இதைப் போட்டால் பாதி மலையில் பிரேக் பிடிக்காது. காரை ஓட்டிப்போகும் டிரைவர் போஜன் கதி அதோகதிதான்.

"போட்டுடலாமுங்க," என்றான். "அந்தக் காலத்துல இந்தக் காரை யாருங்க ஓட்டினது?"

"எங்க அப்பாதான். வேற ஆளை ஸ்டீயரிங் தொட விடமாட்டார்."

"அப்ப போஜன் ஓட்டினா ஒரிஜினல் கெட்டுப்போயிருமுங்களே. உங்க குடும்பத்துக் கைதான் ஓட்டணும். நீங்களே இறக்கிட்டுப் போங்க. நான் பின்னாடி பஸ்ஸுல வந்துடறேன்."

முதலாளி ஒரு ரப்பரை எடுத்து நகத்தால் அழுத்தினார். பொடிப்பொடியாக உதிர்ந்தது. வாசலுக்குப் போய், கீழே வளைந்து வளைந்து இறங்கும் ரோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏண்டா, புது ரப்பர் சனிக்கிழமைக்குள்ள வந்துடுமா?"

"வந்து ரெண்டு நாளாச்சுங்க," என்று மரியசூசை மேஜை டிராயரைத் திறந்தான்.