திருடன் தொட்டால் அலறும்

நெட்டூரணிக்காரர்களுக்கு அறிவு குறைச்சல் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குறைய வேண்டுமென்றால் முதலில் கொஞ்சமாவது இருந்திருக்க வேண்டும்.

அந்த ஊர்ப் பூவலிங்கத்துக்குக் கல்யாணத்தின்போது மாமனார் ஒரு சைக்கிள் கொடுத்தார். அதைச் சந்தையில் நிறுத்திப் பூட்டியவன், சாவி எங்காவது விழுந்துவிடுமே என்று பூட்டிலேயே விட்டுவிட்டுப் போனான். சாவி எங்கும் விழவில்லை. சைக்கிளோடு பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. மாமனார் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு சைக்கிள் வாங்கிக் கொடுத்தார்.

"மாப்ள, திருவிழாவுக்கு வருவேன். வாசல்ல சைக்கிள் நிக்கணும். இதுவும் காணாமப் போச்சுன்னா எம்பொண்ணு எங்கூட வந்துருவா, சொல்லிட்டேன்" என்றார்.

செவ்வந்தி இல்லாத வீட்டைப் பூவலிங்கத்தால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. பொண்டாட்டி மேல் அவனுக்கு அவ்வளவு பிரியம். டவுனுக்கு ஓடிப்போய் ஒரு சைக்கிள் அலாரம் வாங்கி வந்தான். பெட்டியில் 'திருடன் தொட்டால் அலறும்' என்று சிவப்பு எழுத்தில் போட்டிருந்தது. உள்ளே பேட்டரி போட்ட அலாரமும் விளக்கத் தாளும் இருந்தன.

ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் நிழலில் அவனோடு சேர்த்து மூன்று பேர் கூட்டம் கூடியது. எழுத்துக் கூட்டிப் படிப்பது சங்கிலியின் வேலை. படித்ததற்கு அர்த்தம் சொல்வது ஒச்சப்பண்ணன் பொறுப்பு.

"'நெடுநாள் பயன்படுத்தாதபோது பேட்டரியைக் கழற்றி ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்'னு போட்ருக்கு" என்றான் சங்கிலி.

ஒச்சப்பண்ணன் கண்ணை மூடி யோசித்தார். "அலாரம் எதுக்கு? திருடன் வந்தா அடிக்கிறதுக்கு. வந்தானா?"

"இல்லண்ணே."

"எப்ப வருவான்னு தாக்கல் ஏதும் சொல்லிவிட்டானா?"

"இல்லண்ணே."

"அப்ப நெடுநாள் ஆகும். கழட்டு."

ஈரமில்லாத இடம் எது என்பதில்தான் தகராறு. அடுப்படியில் தண்ணீர் சிந்தும், வைக்கோல் படப்பில் பனி இறங்கும். யோசித்து யோசித்து மூன்று பேரும் ஒரே நேரத்தில் அண்ணாந்து பார்த்தார்கள். ரிப்பன் வெட்டித் திறந்த நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக் கண்டறியாத குடிநீர்த் தொட்டி அது. பூவலிங்கம் ஏணியில் ஏறி, பேட்டரியை அதற்குள் வைத்துவிட்டு நிம்மதியாக இறங்கினான்.

பிறகு வீட்டு வாசலுக்கு வந்து, அலாரத்தைச் சைக்கிளில் மாட்டித் தொட்டுப் பார்த்தார்கள். சத்தமில்லை. உலுக்கினார்கள், உதைத்தார்கள். ஊஹூம். பூவலிங்கத்துக்கு முகம் செத்துவிட்டது.

"பேட்டரியப் போட்டுப் பாருங்க" என்றாள் உள்ளேயிருந்து செவ்வந்தி.

"தாளைப் படிக்காமப் பேசக் கூடாது தாயி" என்று கண்டித்த ஒச்சப்பண்ணன், பூவலிங்கத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்ப்பா, நீ திருடனா?"

"ஆத்தா சத்தியமா இல்லண்ணே!"

"பெறகு எப்படி அலறும்? நம்ம தொட்டு அலறுனாத்தான் மெசினு கோளாறு."

சங்கிலி மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நின்றான். ஒச்சப்பண்ணனின் சேவலைக் குழம்பு வைத்தவன் அவன்தான். மற்ற இருவரும் வற்புறுத்தவே ஒற்றை விரலால் தொட்டான். அலாரம் வாயைத் திறக்கவில்லை. சேவல் தானாகத்தான் சட்டிக்குள் விழுந்திருக்க வேண்டும் என்று அன்றிலிருந்து அவனே நம்ப ஆரம்பித்துவிட்டான்.

சந்தேகத்தைத் தீர்க்க நிஜத் திருடன் தேவைப்பட்டான். கீழச்சாலூரில் கொண்டையன் என்று ஒருவர் ஜெயிலிலிருந்து வந்திருந்தார். வெற்றிலை பாக்கு வைத்து அவரைத் திருவிழாவன்று காலையில் வரச் சொன்னார்கள். கம்பெடுத்து விரட்டும் ஊர்களையே பார்த்துப் பழகிய மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. அன்று வந்தவருக்குச் செவ்வந்தி மீன் குழம்பு பரிமாறினாள். பரிமாறிவிட்டு, உள்ளே போய்த் தன் துணிமணிகளைப் பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

கொண்டையன் ஏப்பம் விட்டுக்கொண்டே வந்து சைக்கிளைத் தொட்டார். சத்தமில்லை.

"திருந்திட்டீங்களோ?" என்று பூவலிங்கம் பயந்துபோய்க் கேட்டான்.

கொண்டையனுக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "தொழில்காரனைப் பாத்துக் கேக்குற கேள்வியா இது? சும்மா தொட்டா அது களவாகுமா? ஓட்டிட்டுப் போகணும்யா."

நியாயம்தானே! ஒச்சப்பண்ணன் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சங்கிலி சீட்டைத் துடைத்தான். பின் சக்கரத்தில் காற்று கம்மியாக இருந்ததால் பூவலிங்கம் பம்பு எடுத்துவந்து அடித்துக் கொடுத்தான். கொண்டையன் ஏறி மிதித்து, வளைவு திரும்பி மறைந்தார். மூவரும் காதில் கையை வைத்து வெகுநேரம் கேட்டார்கள்.

"சத்தமே வரல" என்றான் சங்கிலி.

"தங்கமான மனுசன்!" என்று ஒச்சப்பண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். "அநியாயமாத் திருடன்னு பேரைக் கட்டி ஜெயிலுக்கு அனுப்பிருக்கானுக பாவிக."

மத்தியான பஸ்ஸில் மாமனார் வந்து இறங்கினார். வாசலைப் பார்த்தார். "சைக்கிள் எங்க மாப்ள?"

பூவலிங்கம் நடந்ததை ஒன்றுவிடாமல் பெருமையாகச் சொன்னான். "இந்தத் தடவ காணாமப் போகல மாமா. யாருகிட்ட இருக்குன்னு நல்லாத் தெரியும்."

மாமனார் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, "செவ்வந்தி, கெளம்பு" என்றார். அவள் கட்டிய பையோடு வெளியே வந்தாள். அந்தப் பையைப் பார்த்ததும்தான் பூவலிங்கத்துக்கு உறைத்தது. எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது. பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான்: தனியாக யோசித்தான்.

"ஐயையோ, பேட்டரி!" என்று கத்தியபடி தொட்டிக்கு ஓடினான்.

மாமனார் அப்படியே நின்றார். மருமகனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று அவர் முகத்தில் லேசாக ஒரு தெளிவு வந்தது. செவ்வந்திகூடப் பையைக் கீழே வைத்தாள்.

பூவலிங்கம் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, பேட்டரியை மாமனார் கையில் வைத்து அவர் விரல்களை மூடினான்.

"மாமா, உங்க பஸ்ஸு கீழச்சாலூர் வழியாத்தான போகும்? எறங்கி இதைக் கொண்டையண்ணன்கிட்ட குடுத்துட்டுப் போங்க. பேட்டரி இல்லாத அலாரத்த வச்சுக்கிட்டு அந்த மனுசன் என்ன பண்ணுவாரு? எவனாவது சைக்கிளத் திருடிட்டுப் போயிட்டான்னா?"