இரண்டாவது சர்வர் சொன்ன பதில்

மதுரையில் ஒரு சின்ன கம்பெனி. குரு பர்வீனுக்கு வயது முப்பத்தொன்று. சீடர் குழந்தைவேலுவுக்கு நாற்பத்தாறு. அவர் முன்பு வேலை பார்த்த அச்சகத்தை மூடிவிட்டார்கள். கணினி படித்துவிட்டு இங்கே வந்து இருபது நாள்தான் ஆகிறது. அவர் குருவை மேடம் என்பார், குரு சீடரை அண்ணே என்பார். இதில் இருவருக்கும் ஒரு கூச்சமும் இல்லை.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் தங்கள் முறைக்கு நேரம் பதிவு செய்யும் இணையதளம் இவர்கள் பொறுப்பு. உள்ளே மூன்று சர்வர்கள். முன்னால் ரிவர்ஸ் பிராக்ஸி என்ற நிரல் நின்று, வருகிறவர்களை மூன்றுக்கும் மாற்றி மாற்றி அனுப்பும். அதை அமைத்தது குழந்தைவேலுதான்.

அன்று காலை மூன்று பேரில் ஒருவருக்குப் பதிவே ஆகவில்லை. ஒரு அம்மா போனில் அழுதுவிட்டார்.

"மேடம், பத்து விநாடிக்கு ஒருதரம் பிராக்ஸி எல்லா சர்வரையும் 'இருக்கியா'ன்னு கேக்குது. மூணும் 'இருக்கேன்'னுதான் சொல்லுது. நான் எதைன்னு சந்தேகப்படுறது?"

பர்வீன் திரையைப் பார்க்கவில்லை. சீடரின் முகத்தைப் பார்த்தார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

"நல்லா இருக்கேன் மேடம்."

"காலையில என்ன சாப்பிட்டீங்க?"

குழந்தைவேலு யோசித்தார். சாப்பிட்டிருந்தால்தானே ஞாபகம் வரும்.

"நேத்து ராத்திரி?"

"வீட்டுக்காரிக்கு நேத்து ஆபரேஷன் மேடம். ஆஸ்பத்திரியில இருந்து நேரா இங்க வந்துட்டேன்."

"நல்லா இருக்கேன்னீங்களே."

"கேட்டா அப்படித்தானே சொல்வோம்."

சொன்னவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு உட்கார்ந்து, பிராக்ஸியில் இருந்த 'இருக்கியா' என்ற கேள்வியை அழித்தார். 'இன்றைய பதிவில் ஒன்றை எடுத்துக் காட்டு' என்று எழுதினார்.

முதலாவது காட்டியது. மூன்றாவதும் காட்டியது. இரண்டாவதால் முடியவில்லை. தகவல் கிடங்கோடு அதற்கிருந்த தொடர்பு விடியற்காலையிலேயே அறுந்துபோயிருந்தது. பாவம், அப்போதிருந்து கேட்கும்போதெல்லாம் 'இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

பிராக்ஸி அதற்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. குழந்தைவேலு அந்த அம்மாவைக் கூப்பிட்டுப் பேசினார். பதிவு ஆகிவிட்டது.

"ரெண்டு சர்வர் தாங்குமா மேடம்?"

"தாங்கும். நீங்க ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க. மதினி தேடுவாங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

"சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல. இப்பவே லீவு போட்டா, இந்த ஆள் வேணாம்னு எடுத்துருவாங்களோன்னு பயமா இருக்கு. இந்த வயசுல இன்னொரு இடம் எனக்கு யார் தருவாங்க?"

பர்வீனுக்கு மனசு கேட்கவில்லை. பிராக்ஸியின் அமைப்புக் கோப்பைத் திறந்து அவர் பக்கம் திருப்பினார். அதில் மூன்று சர்வர்களின் பெயர்களும் வரிசையாக இருந்தன.

"ரெண்டாவதோட பேரை நான் அழிக்கலையேண்ணே. அது சரியாகட்டும், ஆள் தானா வருவாங்க."

குழந்தைவேலு பையை எடுத்துக்கொண்டார்.